வாத்தியாருக்கு எத்தனை மணை?

உங்கள் வீட்டுக்கு வந்து போகும் வாத்தியாரைக் கொஞ்சம் மனதில் நினைத்துக்கொள்ளுங்கள், சகோதரிகளே! சில வீடுகளில் அவர் 'சாஸ்திரிகள்'. சில வீடுகளில் 'ஐயர்'. கோயிலோடு சம்பந்தப்பட்டவர் என்றால் 'குருக்கள்' அல்லது 'பட்டாச்சாரியார்'. குலதெய்வக் கோயிலில் 'பூசாரி ஐயா'. பெயர் எதுவானாலும், நம் வீட்டில் சமையலறை வாசல் வரை வந்து, 'மாமி, அந்தப் பஞ்சபாத்திரம் எங்கே?' என்று உரிமையோடு கேட்கக்கூடிய வெளி மனிதர் அவர் ஒருவர்தான்.

குழந்தைக்குப் பெயர் சூட்ட வந்தவர், அதே குழந்தைக்குக் காது குத்தும்போதும் இருக்கிறார். பூணூல் போடும்போதும், கல்யாணத்திலும் இருக்கிறார். வீட்டுப் பெரியவர் கண்ணை மூடினால், உறவுக்காரர்களுக்குச் சொல்வதற்கு முன்பே நாம் போன் செய்வது அவருக்குத்தான். அப்படிப்பட்டவரிடம் நமக்குப் பக்தி கலந்த பாசம் ஏற்படுவது இயல்பு.

அந்தப் பாசத்தைக் குறை சொல்ல இந்தக் கட்டுரையை எழுதவில்லை. அதற்குள் ஒளிந்திருக்கும் ஒரு தர்ம சங்கடத்தைப் பற்றித்தான் பேசப் போகிறோம். வைதீகம் செய்து வைக்க வந்தவர், மெள்ள மெள்ள நமக்கு ஜோதிடராகிறார். பிறகு கல்யாணத் தரகராகிறார், வாஸ்து பார்க்கிறார், ராசிக்கல் வாங்கித் தருகிறார், சமையல்காரரை ஏற்பாடு செய்கிறார். மனக்குறையைக் கேட்டுக்கொள்ளும் அண்ணனாகவும் ஆகிறார். சில இடங்களில் சீட்டுப் பணம் பிடிப்பவர், கைமாற்று கேட்பவர் என்பதுவரை போய்விடுகிறது. ஒரே மனிதருக்கு நம் வீட்டில் எத்தனை மணை போடலாம்? எல்லா மணையிலும் அவரே உட்காரலாமா?

இப்படி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் பெண்ணுக்கு இருபத்தேழு வயது. வரன் தகையவில்லை. அமாவாசைத் தர்ப்பணம் செய்து வைக்க வந்த வாத்தியாரிடம் ஜாதகத்தை நீட்டுகிறீர்கள். அவர் பார்த்துவிட்டு, 'செவ்வாய் கொஞ்சம் படுத்துகிறது, ஒரு பரிகார ஹோமம் பண்ணிடலாம்' என்கிறார். ஹோமத்தை அவரே செய்து வைக்கிறார். மூன்று மாதம் கழித்து அவரே ஒரு வரன் கொண்டுவருகிறார். பிள்ளை வீட்டாருக்கும் அவர்தான் வாத்தியார். 'பத்துக்கு எட்டுப் பொருத்தம் இருக்கு, கண்ணை மூடிண்டு பண்ணலாம்' என்கிறார். மண்டபம், சமையல், நாகஸ்வரம் எல்லாம் அவருக்குத் தெரிந்தவர்கள்.

ஒவ்வொன்றாகப் பார்த்தால் இதில் தப்பு எதுவுமே இல்லை. ஆனால், உங்கள் பெண் அந்தப் பையனிடம் பேசிப் பார்த்துவிட்டு, 'எனக்கு இஷ்டமில்லை அம்மா' என்கிறாள். இப்போது உங்களால் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா?

தரகர் என்றால், 'வேறு பாருங்கள்' என்று போனிலேயே சொல்லிவிடலாம். ஆனால் இவர் தரகர் மட்டுமா? அடுத்த பட்சத்தில் உங்கள் மாமனாரின் சிராத்தத்துக்கு வரவேண்டியவர். 'பொருத்தம் இருக்கு' என்று ஜோதிடராகச் சொன்னவர். பெண்ணின் அக்கா விவாகம் முறிந்த கதையை உங்கள் வாயாலேயே கேட்டவர். பிள்ளை வீட்டாரிடம் உங்களைப் பற்றிச் சொல்லி வைத்திருப்பவர். இத்தனை கயிறுகளும் ஒரே கையில் இருக்கும்போது, 'அவர் மனசு கஷ்டப்படுமே' என்று பெண்ணைச் சமாதானப்படுத்தத் தொடங்குகிறீர்களே, அந்த நிமிஷத்தில்தான் அதர்மம் உள்ளே நுழைகிறது. வாத்தியார் பொய் சொல்லவில்லை, மிரட்டவுமில்லை. ஆனாலும் உங்கள் பெண்ணின் வாழ்க்கையை அவர் முகதாட்சண்யம் தீர்மானித்துவிட்டது.

'எங்க வாத்தியார் தங்கமானவராச்சே!' என்பீர்கள். இருக்கலாம். பெரும்பாலானவர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள் என்றே நானும் நம்புகிறேன். கெட்டவரைப் பற்றிக் கட்டுரை எழுதவே தேவையில்லை. அவரை இரண்டாவது முறை நீங்களே கூப்பிடமாட்டீர்கள். நல்லவர் நாலு வேஷம் போட்டுக்கொள்ளும்போதுதான் நமக்குக் குழப்பம்.

அவர் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடவேண்டும். பத்து வயதில் பாடசாலையில் சேர்ந்து, வீட்டைப் பிரிந்து, ஏழெட்டு வருஷம் அத்யயனம் பண்ணியவருக்கு மாதச் சம்பளம் இல்லை. வைப்பு நிதி, ஓய்வூதியம் எதுவும் இல்லை. மார்கழியிலும் ஆடியிலும் கல்யாணம் கிடையாது. கிராமத்துக் கோயில் அர்ச்சகர்கள் நிலை இன்னும் பரிதாபம். தமிழ்நாட்டில் ஒருகால பூஜைத் திட்டத்தில் உள்ள ஏறத்தாழ 13,000 கோயில்களின் அர்ச்சகர்களுக்கு மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று 2021-ல்தான் ஆரம்பித்தார்கள். தட்டில் விழும் சில்லறையை வைத்துக் குடும்பம் நடத்துபவர், ஜாதகமும் பார்ப்போம், வரனும் சொல்வோம் என்று இறங்குவதில் ஆச்சரியம் என்ன? சிராத்தத்துக்கு நாம் தட்சிணையைப் பேரம் பேசுகிறோம். பரிகார ஹோமம் என்றால் பயத்தில் கேட்டதைக் கொடுக்கிறோம். அப்படியென்றால், பரிகாரம் பக்கம் அவரைத் தள்ளியது யார்?

சரி… நம் முன்னோர்கள் இதைப் பற்றி யோசிக்கவில்லையா? யாகசாலையைப் பாருங்கள்.

சோமயாகம் போன்ற பெரிய வேள்விகளில் பதினாறு ரித்விக்குகள் உண்டு. அவர்களில் முக்கியமானவர்கள் நால்வர். ரிக் வேத மந்திரம் சொல்பவர் ஹோதா. அக்னியில் ஆகுதி கொடுத்துக் காரியங்களைச் செய்பவர் அத்வர்யு. சாமகானம் பாடுபவர் உத்காதா. நான்காமவர் 'பிரம்மா'. இவர் அக்னிக்குத் தெற்கே அமைதியாக உட்கார்ந்து, மற்றவர்கள் செய்வதில் மந்திர லோபம், கிரியா லோபம் ஏற்படுகிறதா என்று கவனித்துக்கொண்டே இருப்பார். தவறு நேர்ந்தால் அதற்குப் பிராயச்சித்தம் செய்வது அவர் பொறுப்பு. ஒவ்வொருவரையும், 'தாங்கள் இந்தக் காரியத்துக்கு' என்று யஜமானர் தனித்தனியே வரிக்கவேண்டும். இதற்கு 'ரித்விக் வரணம்' என்று பெயர்.

நம் வீட்டு ஹோமத்திலும் அக்னிக்குத் தெற்கே தர்ப்பைக் கூர்ச்சம் வைத்து பிரம்மாவை வரிப்பதைப் பார்த்திருப்பீர்கள். எதற்காக அந்த ஸ்தானம்? செய்பவர் ஒருவர், செய்வது சரியா என்று பார்ப்பவர் வேறொருவர். நாலு வேதமும் படித்த மகானாகவே இருந்தாலும், தான் கொடுத்த ஆகுதியைத் தானே பரிசோதித்து, 'சரியாக இருக்கிறது' என்று சொல்லிக்கொள்ள வேதம் அனுமதிக்கவில்லை. அப்படியிருக்க, தோஷம் இருக்கிறது என்று கண்டுபிடிப்பவரும், அதற்குப் பரிகாரம் இன்னது என்று சொல்பவரும், அதைச் செய்து சம்பாவனை வாங்குபவரும், தோஷம் விலகிவிட்டது என்று சான்று கொடுப்பவரும் ஒருவரே என்றால் எப்படி? வைத்தியத்தில்கூட, நோயாளியை இன்னோர் இடத்துக்கு அனுப்பியதற்காக டாக்டர் கமிஷன் வாங்கக்கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2002-ல் கொண்டுவந்த நடத்தை விதிகளில் இருக்கிறது. கல்யாண மண்டபத்துக்கு நம்மை அனுப்பும் வாத்தியாரிடம் அதை யாரும் கேட்பதில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். சடங்கில் யஜமானர் யார்? நாம்தான். உங்கள் கணவர் சங்கல்பம் செய்துகொள்ள, நீங்கள் அருகில் அமர்ந்து தர்ப்பையால் அவரைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள். பலன் உங்கள் குடும்பத்துக்கு. 'புரோகிதர்' என்றால், நமக்காக முன்னே நிறுத்தப்பட்டவர் என்று பொருள். நிறுத்துபவர் நாம். அவரை எங்கே நிறுத்துவது என்கிற பொறுப்பும் நம்முடையது.

விஸ்வரூபன் செய்தது என்ன?

ஒரே புரோகிதர் இரண்டு பக்கமும் வேண்டியவராக இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு, ஸ்ரீமத் பாகவதத்தின் ஆறாவது ஸ்கந்தத்தில் ஒரு சரித்திரம் இருக்கிறது.

தேவலோகத்தில் இந்திரன் கொலுவிருக்கிறான். குரு பிருகஸ்பதி உள்ளே வருகிறார். ஐஸ்வர்ய மயக்கத்தில் இருந்த இந்திரன் எழுந்திருக்கவில்லை. வாருங்கள் என்றுகூடச் சொல்லவில்லை. பிருகஸ்பதி ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போய், யார் கண்ணிலும் படாமல் மறைந்துவிட்டார். குரு இல்லாத தேவர்களை அசுரர்கள் அடித்து நொறுக்கினார்கள். அழுதுகொண்டு பிரம்மதேவரிடம் போனார்கள். அவர், 'துவஷ்டாவின் பிள்ளை விஸ்வரூபனைப் போய் வேண்டிக்கொள்ளுங்கள்' என்றார்.

விஸ்வரூபன் தபஸ்வி, ஞானி. மூன்று தலைகள் கொண்டவன். ஆனால் அவன் தாயார் அசுர குலத்துப் பெண். அதாவது தேவர்களுக்கு யார் விரோதியோ, அவர்கள் இவனுக்குத் தாய் மாமன் வீட்டார்! இது பிரம்மாவுக்குத் தெரியாதா? தெரியும். அதனால்தான், 'அவன் செய்கையை நீங்கள் பொறுத்துக்கொள்வீர்களானால், உங்கள் காரியம் நடக்கும்' என்று ஒரு நிபந்தனையையும் சேர்த்தே சொல்லி அனுப்பினார். தேவர்கள் இருந்த அவசரத்தில் அந்த வார்த்தை அவர்கள் காதில் ஏறியதா என்பது சந்தேகம்.

விஸ்வரூபனுக்கும் தயக்கம் இருந்தது. புரோகிதத் தொழில் பிரம்ம தேஜஸைக் குறைக்கக்கூடியது, பெரியவர்கள் அதை மெச்சுவதில்லை என்று சொல்லிப் பார்த்தான். ஆனாலும், பெரியவர்கள் வந்து கேட்கும்போது மறுக்க மனமில்லாமல் ஒப்புக்கொண்டான். இந்திரனுக்கு அவன் உபதேசித்ததுதான் நாராயண கவசம். இன்றும் நம்மில் பலர் வீட்டில் பாராயணம் செய்கிறோமே, அதேதான்! அந்தக் கவசத்தின் பலத்தால் இந்திரன் ஜெயித்தான். ஆக, புரோகிதராக விஸ்வரூபன் தன் கடமையில் குறை வைக்கவில்லை.

ஆனால் யாகத்தில் தேவர்களுக்கு உரத்த குரலில் மந்திரம் சொல்லி ஹவிஸைக் கொடுத்துவிட்டு, யாருக்கும் தெரியாமல் அசுரர்களுக்கும் ஒரு பாகத்தைக் கொடுத்துவந்தான். பணத்துக்காகவா? இல்லை. தாயார் மேல் வைத்த பாசத்துக்காக. ஒருநாள் இந்திரன் அதைக் கண்டுபிடித்தான். பயமும் கோபமும் கண்ணை மறைக்க, விஸ்வரூபனின் மூன்று தலைகளையும் வெட்டிவிட்டான். இந்திரனைப் பிரம்மஹத்தி பிடித்தது. பிள்ளையைப் பறிகொடுத்த துவஷ்டா ஹோமம் செய்து, விருத்திராசுரனை எழுப்பினார். அதற்குப் பின் வந்த கஷ்டமெல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை.

பாகவதம் சொல்கிறவர்கள் இங்கே இந்திரனின் அகங்காரத்தைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். எனக்கு இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் வேறொன்று தோன்றும். அவன் தாயார் யார் என்பது எல்லோருக்கும் முதல் நாளே தெரியும். 'உங்கள் மாமன் வீட்டாருக்கும் எங்களுக்கும் சண்டை. யாகத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று இந்திரன் கேட்கவில்லை. 'தாயார் பக்கத்தை என்னால் முழுக்க விட முடியாது, சம்மதம்தானா?' என்று விஸ்வரூபனும் கேட்கவில்லை. அவன் இரு பக்கத்துக்கும் உறவினன் என்பதில் குற்றமில்லை. சத்தமாகச் சொன்ன மந்திரம் ஒன்று, மனதுக்குள் கொடுத்த பாகம் வேறொன்று என்று ஆனதே, அதில்தான் குற்றம். முதலிலேயே வாய்விட்டுப் பேசியிருந்தால், மூன்று தலைகள் தப்பியிருக்கும்.

இப்போது உங்கள் சம்பந்தி வீட்டு விஷயத்துக்கு வாருங்கள். இரண்டு வீட்டுக்கும் ஒரே வாத்தியார் என்பது நகரங்களில் சகஜமாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு வேலை போனது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. சொன்னால் அந்த வீட்டுக்குத் துரோகம். சொல்லாவிட்டால் உங்களுக்குத் துரோகம். அவர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் விஸ்வரூபன் கதைதான். சீதா கல்யாணத்தில் இந்தச் சங்கடமே இல்லை, கவனித்தீர்களா? தசரதர் பக்கம் வசிஷ்டர் இருந்தார். ரகு வம்சப் பெருமையை அவர் எடுத்துச் சொன்னார். ஜனகர் பக்கம், கௌதமரின் பிள்ளை சதானந்தர். தன் வம்சத்தை ஜனகர் தானே சொல்லிக்கொண்டார். இரண்டு வீட்டுக்கும் இரண்டு பேர். நல்ல விஷயங்களை அவரவர் சபையில் சொல்ல, மற்றவர் கேட்டுக்கொண்டார்.

சொன்னது எங்கே போகும்?

நம் மேலேயே ஒரு குறை இருக்கிறது. அதையும் பேசிவிடலாம். கணவரிடம் சொல்ல முடியாததை, பிறந்த வீட்டில் சொன்னால் பெரிதாகிவிடும் என்று பயப்படுவதை, நாம் யாரிடம் சொல்கிறோம்? வெள்ளிக்கிழமை கோயிலில் குருக்களிடம். 'பிள்ளை ராத்திரி குடித்துவிட்டு வருகிறான், ஒரு அர்ச்சனை பண்ணுங்கோ' என்று ஆரம்பித்து, பத்து நிமிஷத்தில் வீட்டுக் கதை முழுவதும் வெளியே வந்துவிடுகிறது. அவர் பாவம், பெயர் நட்சத்திரம் கேட்டார். நாம் சரித்திரமே சொல்லிவிட்டோம்!

கத்தோலிக்கக் கிறிஸ்தவர்களிடம் பாவ சங்கீர்த்தனம் என்று ஒன்று உண்டு. அதில் கேட்டதை குருவானவர் வெளியே சொன்னால், அவரே திருச்சபையிலிருந்து விலக்கப்படுவார் என்று அவர்கள் சட்டமே இருக்கிறது. வக்கீல் தம் கட்சிக்காரர் சொன்னதை வெளியிடக்கூடாது என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. நம் குருக்களுக்கும் வாத்தியாருக்கும் அப்படி எழுதி வைத்த விதி கிடையாது. ஏனென்றால், ரகசியம் கேட்பது அவர்கள் வேலையாக ஒருபோதும் இருந்ததில்லை. அர்ச்சனைக்குக் கோத்திரம், நட்சத்திரம், பெயர் போதும். மிச்சத்தை நேராக அம்பாளிடமே சொல்லுங்கள். அவளுக்கு யாரும் எடுத்துச் சொல்லவேண்டிய அவசியமில்லை. மகன் குடிப்பதற்கு அர்ச்சனையோடு ஒரு நல்ல டாக்டரும் தேவை. 'நல்ல டாக்டரைப் பாருங்கோம்மா' என்று சொல்கிற குருக்கள் கிடைத்தால், அவரைக் கும்பிடலாம்.

பணம் என்று வந்துவிட்டால் நான் வளைந்து கொடுக்கமாட்டேன். தட்சிணை கொடுங்கள், தாராளமாகக் கொடுங்கள். அவர் பிள்ளையின் படிப்புக்குத் தேவை என்றால், உங்களால் முடிந்ததைத் திரும்பி வராத பணமாக நினைத்துக் கொடுங்கள். கடனாகக் கொடுக்காதீர்கள், வாங்கவும் வாங்காதீர்கள். அவரிடம் சீட்டுப் போடாதீர்கள். கடன் கொடுத்தவர் முன்னால் உட்கார்ந்து மந்திரம் சொல்பவருக்கு வாய் குழறும். கடன் வாங்கியவர் முன்னால் சங்கல்பம் செய்துகொள்பவருக்கு மனம் நிற்காது. இரண்டில் எது நடந்தாலும் சிராத்தம் கெட்டதுதான் மிச்சம்.

இதெல்லாம் வெறும் மனக்கூச்சம் என்று நினைத்துவிடவேண்டாம். 1890-ல் அலகாபாத் உயர் நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. வயதான ஒருவர், போகிற கதிக்கு நல்லது என்று நம்பி, தம் சொத்து முழுவதையும் தம்முடைய குருவுக்கே தானமாக எழுதிக் கொடுத்திருந்தார். நீதிமன்றம் அந்தத் தானப் பத்திரத்தை ரத்து செய்தது. குரு கத்தியைக் காட்டி மிரட்டவில்லை. ஆனால் குரு என்ற ஸ்தானமே சிஷ்யனின் மனதை அமுக்கக்கூடிய சக்தி உள்ளது என்று சட்டம் பார்க்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 16-வது பிரிவு இதைப் பற்றியதுதான். இப்படிப்பட்ட ஸ்தானத்தில் இருப்பவருக்குச் சாதகமான ஒப்பந்தம் பார்வைக்கே அநியாயமாகத் தெரிந்தால், 'நான் செல்வாக்கைப் பயன்படுத்தவில்லை' என்று நிரூபிக்கவேண்டிய பாரம் அவர் தலையில். எழுதிக் கொடுத்தவர் தலையில் இல்லை. தனியாக இருக்கும் வயதான தாயார், பெரியம்மாக்கள் வீட்டில் இதை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருப்பது நல்லது.

ஸ்லோக வகுப்புக்கும், பாட்டுக்கும், உபந்நியாசத்துக்கும் பெண் குழந்தைகளை அனுப்புகிறோம். அங்கே எல்லை எது என்பதற்கு மகாபாரதத்தில் கசன் பதில் சொல்லியிருக்கிறான். பிருகஸ்பதியின் பிள்ளை கசன், சுக்ராச்சாரியாரிடம் சஞ்ஜீவினி வித்தை கற்கப் போனான். குருவின் பெண் தேவயானி அவனை மனதார விரும்பினாள்; அவன் உயிர் பிழைக்கக் காரணமாகவும் இருந்தாள். வித்தை முடிந்து கிளம்பும்போது, 'என்னைக் கல்யாணம் செய்துகொள்' என்று கேட்டாள். 'நீ என் குருவின் பெண். அவர் வயிற்றிலிருந்து நானும் வெளிப்பட்டவன். ஆகவே நீ எனக்குச் சகோதரி' என்று மறுத்தான் கசன். கற்ற வித்தை உனக்குப் பலிக்காமல் போகட்டும் என்று அவள் சபித்ததையும் ஏற்றுக்கொண்டான். ஒரு உறவு ஏற்பட்டுவிட்டால் இன்னொரு உறவுக்கு அங்கே கதவு மூடிவிட்டது என்று அர்த்தம். வகுப்பு எடுப்பவர் எவ்வளவு பெரிய மகானாக இருந்தாலும், கதவு திறந்திருக்கட்டும். நீங்களோ இன்னொரு அம்மாவோ கூடத்தில் இருங்கள். உண்மையான வித்வான் இதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார். கோபித்துக்கொண்டால், நீங்கள் வகுப்பை மாற்றவேண்டிய சமயம் வந்துவிட்டது.

'இப்படியெல்லாம் எல்லை போட்டால் அவர் மனசு நொந்து ஏதாவது சொல்லிவிடுவாரோ? வாத்தியாரை மாற்றினால் சாபமாமே?' என்று பல பெண்கள் பயப்படுவது தெரியும். இந்தப் பயத்துக்கு மூலம் நிமிச் சக்கரவர்த்தி கதையாக இருக்கலாம். நிமி ஒரு யாகம் செய்ய வசிஷ்டரை அழைத்தான். 'இந்திரன் என்னை முன்பே வரித்துவிட்டான். முடித்துவிட்டு வருகிறேன், காத்திரு' என்றார் அவர். நிமி காத்திருக்கவில்லை. கௌதமரை வைத்து யாகத்தை ஆரம்பித்துவிட்டான். திரும்பி வந்த வசிஷ்டர் 'உன் உடல் விழட்டும்' என்று சபித்தார். பாதிக் கதை இது. பதிலுக்கு நிமியும் அவரைச் சபித்தான். வசிஷ்டரின் உடலும் விழுந்தது! நிமியோ எல்லா ஜீவர்களின் கண்ணிமையிலும் இடம் பெற்றான். அவன் வம்சத்தில்தான் ஜனகர் வந்தார், சீதா பிராட்டி வந்தாள். வாத்தியாரை மாற்றிய குடும்பம் கெட்டுப்போகவில்லை. அன்றைக்குக் குறைந்தது என்னவென்றால், 'சுவாமி, என்னால் காத்திருக்க முடியாது, வேறு ஒருவரை வைத்துக்கொள்ளட்டுமா?' என்று நிமி ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். அவன் மௌனமாக இருந்துவிட்டான். வசிஷ்டர் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்.

ஆகவே வார்த்தையில் கஞ்சத்தனம் வேண்டாம். 'இதை வாத்தியாராகச் சொல்கிறீர்களா, இல்லை எங்கள் வீட்டு மனிதராகச் சொல்கிறீர்களா?' என்று சிரித்த முகத்தோடு கேட்டுப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் சட்டென்று நின்று யோசிப்பார்கள். பரிகாரம் சொன்னால், 'இன்னொருவரிடமும் ஜாதகத்தைக் காட்டிவிட்டுச் சொல்கிறேன்' என்று சொல்லுங்கள். வரன் அவர் மூலமாக வந்தால், பொருத்தம் பார்ப்பவர் அவராக இருக்கவேண்டாம். இரண்டு வீட்டுக்கும் அவரே என்றால், 'அங்கே நடப்பதை நான் கேட்கமாட்டேன், இங்கே நடப்பதை நீங்கள் அங்கே சொல்லவேண்டாம்' என்று முதல் நாளே பேசி வைத்துவிடுங்கள். தட்சிணை எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்டு, கவரில் போட்டு வெற்றிலை பாக்கோடு, கணவரும் நீங்களுமாக நமஸ்காரம் செய்து கொடுங்கள்.

அப்படி எல்லை அறிந்த வாத்தியார் சிலருக்கு நம்மால் வரும் சங்கடத்தையும் சொல்லவேண்டும். 'ஜாதகம் நான் பார்ப்பதில்லை, மாமி. எனக்கு வைதீகம்தான்' என்று சொல்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நாம் என்ன செய்கிறோம்? 'இவருக்கு ஒண்ணும் தெரியாது' என்று முடிவு கட்டி, எல்லாம் தெரியும் என்பவரைத் தேடிப் போகிறோம். திரிசங்குவும் இதைத்தான் செய்தான். உடம்போடு சொர்க்கத்துக்கு அனுப்புங்கள் என்று குலகுரு வசிஷ்டரைக் கேட்டான். அது முடியாது என்று அவர் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார். அவர் பிள்ளைகளிடம் போனான். 'தந்தையே மறுத்ததை எங்களிடம் கேட்கிறாயா?' என்று அவர்கள் சபித்தார்கள். அதன் பிறகும் விடாமல் விஸ்வாமித்திரரிடம் போனான். அவர் 'முடியும்' என்றார். அவன் எங்கே போய் நின்றான் என்பது உங்களுக்குத் தெரியும்.

அத்யாத்ம ராமாயணத்தில், பட்டாபிஷேகத்துக்கு முந்தின நாள் ராமனிடம் வசிஷ்டர் மனம் திறந்து பேசுவார். புரோகிதத் தொழில் நிந்தைக்கு இடமானது என்று தெரிந்தேதான் ஏற்றேன்; இந்த வம்சத்தில் நீ பிறப்பாய் என்று பிரம்மா சொன்னதற்காக ஏற்றேன் என்பார். அரசனுக்கு யோசனை சொல்லும் ஸ்தானம், பிள்ளைகளுக்கு ஆச்சாரியன், வீட்டுக்குப் புரோகிதர் என்று அவரும் மூன்று மணையில் உட்கார்ந்தவர்தான். ஆனால் அவர் கைகேயியின் பக்கமோ கௌசல்யையின் பக்கமோ சேர்ந்து தனக்கென்று ஒரு காரியம் செய்துகொண்டதாக ராமாயணத்தில் ஓர் இடம்கூட இல்லை.

உங்கள் வீட்டு வாத்தியார் அடுத்த முறை, 'இது எனக்குத் தெரியாத விஷயம், வேறு ஒருவரைக் கேட்டுக்கோங்கோ' என்று சொன்னால், முகத்தைத் தூக்கிக்கொள்ளாதீர்கள். அன்றைய தட்சிணையோடு ஒரு நூறு ரூபாய் கூட வைத்து, நல்ல டிகிரி காபியும் கொடுத்து அனுப்புங்கள். பெண்ணின் ஜாதகத்துக்கு வேறு இடம் பார்த்துக்கொள்ளலாம்.